காப்புக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போனோம்

நம் பள்ளிக்கூடத்தின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கும் வந்திருக்கும். அட்டையில் புதுக் கட்டடம். உள்ளே நன்கொடை கொடுத்தவர்கள், மாலையும் பொன்னாடையுமாக. நம் செட்டுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்: "முதல் எஸ்.எஸ்.எல்.சி. அணியினர் சிறப்பாகத் தேர்வு எழுதியதால் பள்ளிக்கு நிரந்தர அங்கீகாரம் கிடைத்தது." சிறப்பாக எழுதினோமாம்! இந்த வரியை எழுதியவர் அன்று பிறந்தே இருக்கமாட்டார். கோபத்தில் புத்தகத்தைத் தூக்கிப் பீரோ மேல் போட்டுவிட்டேன்.

நம் செட்டில் மிச்சமிருப்பவர்கள் நாம் சிலர்தான். நாமும் போய்விட்டால் அந்த ஒரு வரிதான் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், உங்கள் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும். ராஜா காலம் முடிந்து சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் நம் ஊரில் அஞ்சாவதோடு படிப்பு சரி. மேலே படிக்க வேண்டுமானால் புதுக்கோட்டைக்குப் போய்த் தங்க வேண்டும். மில் முதலாளிதான் தன் அரிசி மில் கோடவுனில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்து, முதல் பாரம், அதாவது இன்றைய ஆறாம் வகுப்பு, தொடங்கச் சொன்னார். வருஷம் ஒரு பாரமாக மேலே ஏறினோம். நாம் ஏற ஏறத்தான் பள்ளிக்கூடமும் ஏறியது. நமக்கு முன்னால் ஒரு வகுப்பு இருந்ததே இல்லை. பாடமெல்லாம் தமிழில்தான், ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் இங்கிலீஷ் ஸ்கூல். மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் நெல் அவிக்கும் வாசனை எப்போதும் வரும். பசித்த வயிற்றில் அல்ஜீப்ரா படித்தவர்களுக்குத்தான் அந்த வாசனையின் கொடுமை தெரியும்.

பெரிய சாரை மறந்திருக்க மாட்டீர்கள். நம் தலைமையாசிரியர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வருவார். மழமழவென்று தினமும் முகம் மழித்துக்கொண்டு வருவார். பாடம் தமிழில் நடந்தாலும், அவர் காதில் விழும்படி நாம் தமிழ் பேசிவிட்டால் வெயிலில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்காக யார் வாசலிலும் போய் நிற்பார். அந்த மனிதருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், நம் ஊர்.

ஆறாம் பாரத்துக்கு அப்போது தற்காலிக அங்கீகாரம்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: பேர் கொடுத்த அத்தனை பேரும் பரீட்சை எழுத வேண்டும், ரிசல்ட்டைப் பார்த்துத்தான் மேற்கொண்டு பேச்சு. அத்தனை பேரில் பெண் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டிலும் ஒரு கெடு இருந்தது. என் அத்தை மகன் மணவறைக்குத் தயாராக இருந்தான். அப்பா என்னிடம், "இந்த வருசம் எழுதுனா எழுதுனதுதான். அடுத்த வருசம்ங்கிற பேச்சே கெடையாது" என்று சொல்லியிருந்தார். எழுதிப் பாஸானால் டீச்சர் டிரெயினிங், இல்லையென்றால் வைகாசியில் கல்யாணம். எனக்கு இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு பரீட்சைதான்.

அந்த வருஷம் மாசியிலேயே தெற்குத் தெருவில் அம்மை போட்டது. பெரியம்மை. பங்குனிக் கடைசியில் நடக்க வேண்டிய மாரியம்மன் திருவிழாவை முன்னால் இழுத்து, உடனே காப்புக் கட்டிவிட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. காப்புக் கட்டிவிட்டால் என்னென்ன கூடாது என்று நமக்குப் பால்குடித்த நாளிலிருந்தே தெரியும். மிளகாய் வறுக்கக் கூடாது, உரலில் இடிக்கக் கூடாது, மில் ஓடக் கூடாது. காப்புக் கட்டிய கை கத்தி படாமல் இருக்க வேண்டும், சவரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, தேர் நிலைக்கு வரும்வரை ஊரார் யாரும் எல்லைக் கல்லுக்கு வெளியே இராத் தங்கக் கூடாது.

ஊர்த் தலைவரான அம்பலம் வெற்றிலை பாக்கோடு வந்து பெரிய சாரிடம் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்டார். பெரிய சார் சந்தோஷமாகக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். "நானும் வருகிறேன், பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அல்லவா, அவர்கள் கையிலும் கட்டிவிடுங்கள்" என்றார். அவருக்கு அது ஏதோ ஆசீர்வாதக் கயிறு. பள்ளிக்கூடத்தை ஊரோடு ஒட்டவைக்க நல்ல சந்தர்ப்பம் என்று வேறு நினைத்திருப்பார். அம்பலத்துக்கோ ஒரே பூரிப்பு. வேதக்காரர் வலிய வந்து கை நீட்டுகிறாரே!

அம்பலம் நினைத்தது வேறு. இது பிற்பாடுதான் வெளியே வந்தது. "பெரிய பள்ளிக்கூடம் ஆயிருச்சுன்னு சொன்னாங்களே, அப்ப பரீட்சையும் இங்கதானேன்னுல நெனச்சேன்" என்றார். பரீட்சை புதுக்கோட்டையில், அதற்காகப் பெரிய சார் அங்கே திருக்கோகர்ணத்தில் தெரிந்தவர் வீட்டில் நமக்கு இடம் பேசி வைத்திருக்கிறார் என்பது அம்பலத்துக்குத் தெரியாது. காப்பு என்றால் என்ன என்பது பெரிய சாருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் வரிசையில் கை நீட்டிக்கொண்டு நின்ற நாம்தான்.

நம்மில் ஒருவன் வாயைத் திறந்தான். மில் முதலாளி மகன்தான். முந்தின நாள் வகுப்பிலேயே எழுந்து நின்று, தமிழில் சொன்னால் வெயில் என்று பயந்து, வியர்க்க விறுவிறுக்க இங்கிலீஷில் சொன்னான்: "சார், காடஸ் வில் நாட் கிவ் லீவ்." ஊரை விட்டுப் போக ஆத்தா உத்தரவு தரமாட்டாள் என்பதைத்தான் அப்படிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. பெரிய சாரும் சிரித்தார். உழைக்கிறவனுக்குக் கடவுள் எல்லாம் கொடுப்பார் என்று இங்கிலீஷிலேயே பதில் சொல்லி அவனை உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். நம் கையிலும் அவர் கையிலும் மஞ்சள் கயிறு ஏறியது.

அன்றைக்கே மில் நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கத்துச் சத்தமும் வாசனையும் போன பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இல்லை. ஊர் முழுக்கத் தாளிப்பு மணம் இல்லாத சோறு. கொட்டுச் சத்தம் மட்டும் சாயங்காலமானால் கேட்கும். காப்புக் கட்டிய மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என் தம்பிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. அப்புறம் முகத்தில் முத்துப் போட்டது.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. நாலு பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். நடுவீட்டில் வாழையிலை விரித்து அவனைப் படுக்கவைத்தார்கள். நான் வேப்பங்குழையால் விசிறிக்கொண்டே மடியில் புத்தகத்தை வைத்துப் படித்தேன். அவன் அரைக்கண்ணைத் திறந்து பார்ப்பான். "சத்தமாப் படிக்கா" என்பான். எதைப் படிக்கிறேன் என்பது அவனுக்கு ஒரு பொருட்டில்லை, குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நானும் அக்பர், பாபர் என்று படிப்பேன், அவனும் கண்ணை மூடிக்கொள்வான்.

பரீட்சைக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. எந்த நேரத்துக்குப் பஸ், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பெரிய சார் சொல்லி அனுப்பிய பிறகுதான் பெற்றவர்கள் மத்தியில் விஷயம் வெடித்தது. கோயில் முன்னால் கூட்டம் கூடியது. பெரிய சார் முகத்தில் பத்து நாள் தாடி. காப்புக் கட்டியவர் மழிக்கக் கூடாது என்று நாவிதர் திருப்பி அனுப்பியபோதுதான் அவருக்கே ஏதோ உறைத்ததாம்.

அம்பலம் சொன்னார்: "காப்புக் கட்டுன கை எல்லையத் தாண்டி ராத் தங்கக் கூடாதுங்க. ஊருல ஆத்தா வெளையாடிக்கிட்டு இருக்கா. புள்ளைகளக் கூட்டிட்டுப் போனீங்கன்னா அப்பறம் நடக்குறதுக்கு யாரு பொறுப்பு?"

"அய்யா, போகலைன்னா இந்தப் பிள்ளைகள் இத்தனை வருஷம் படிச்சது வீண். பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க" என்றார் பெரிய சார். அதோடு நிறுத்தாமல், "வேணும்னா அந்தக் கயிறை அவிழ்த்துருங்களேன்" என்றும் சொல்லிவிட்டார்.

தம் பிள்ளையைத் தெற்குத் தெருவில் அந்த வாரம்தான் பறிகொடுத்த ஒரு மனிதர் எழுந்தார். பெரிய சாரை ஒருதரம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடி விழுந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டோம் என்று அங்கே இருந்த நம் பையன்கள் பிறகு சொன்னார்கள்.

மில் முதலாளிதான் முடிச்சை அவிழ்த்தார். "தங்கத்தானே கூடாது? போய்ட்டு வரலாம்ல? மில்லு நிக்கிது, லாரி சும்மாத்தானே கெடக்கு. விடியக்காலம் போயி எழுதிட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துரட்டும்." "விளக்கு வைக்கிறதுக்குள்ள" என்று அதையே அழுத்திச் சொல்லிவிட்டு அம்பலம் ஒத்துக்கொண்டார்.

அது உங்களுக்கெல்லாம் வழி விட்டது. எனக்கு இல்லை. அம்மை போட்ட வீட்டு ஆட்கள் எல்லையைத் தாண்டவே கூடாது. இதில் லாரியில், பையன்களோடு, வெளியூருக்கா?

மறுநாள் பெரிய சார் எங்கள் தெருவுக்கு வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வெளியே வெயிலிலேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"உங்க மகளை அனுப்பணும். என் பக்கத்துல, டிரைவர் சீட்டுப் பக்கம் உக்கார வைக்கிறேன். என் மக மாதிரிப் பாத்துக்கிறேன்."

"சார், நீங்க படிச்சவங்க. ஒங்ககிட்டச் சண்டை போட எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. "எனக்கு இருக்குறது ஒத்தப் பய. அவன் இங்க உசுருக்குக் கெடக்கான். இந்த நேரத்துல இவ எல்லை தாண்டுனா ஆத்தா சும்மா இருப்பாளா? போய்ட்டு வாங்க சார்."

பெரிய சார் போகவில்லை. அங்கேயே நின்றார். அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். வெளியாள் முன்னால் அப்பாவை மறுத்து அம்மா பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அவ கையிலயும்தான் ஆத்தா கயிறு இருக்கு. ஆத்தா கட்டுன கயிறு கையில கெடக்கையில நீங்க என்ன அதுக்கு மேல கட்டி வைக்கிறது? போயிட்டு வரட்டும். கட்டுனவ கூட்டிட்டு வந்து விடுவா."

அப்பா திரும்பி உள்ளே பார்த்தார். அம்மா தம்பி பக்கத்தில் உட்கார்ந்தபடியே, விசிறுவதை நிறுத்தாமல்தான் அதைச் சொன்னாள். அப்பா தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். இப்படியாகத்தான், பெரிய சார் தெரியாமல் கட்டவைத்த கயிறே என்னை வெளியே அனுப்பியது.

லாரிப் பயணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பின்னால் தவிட்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்து, புதுக்கோட்டையில் இறங்கும்போது தலை, புருவமெல்லாம் வெளுத்துப் போய் இறங்குவீர்கள். நான் முன்னால், மடியில் அலுமினியப் பெட்டியோடு. பெரிய சார் தாடியைச் சொறிந்துகொண்டே கேள்வி கேட்டுக்கொண்டு வருவார். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தில் கண்காணிக்க வந்த ஒரு வாத்தியார் என் கைக்கயிற்றைப் பார்த்து, "எந்த ஊரும்மா? ஊர்ல அம்மையா?" என்று கேட்டார். "திருவிழா சார்" என்றேன். அவர் நகர்ந்து போனார்.

இப்போது நினைத்தால் எனக்கே நடுங்குகிறது. அம்மை போட்ட ஊரிலிருந்து, அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒருத்தியைக் கூட்டிப்போய் அத்தனை பிள்ளைகள் நடுவில் உட்காரவைத்தார் பெரிய சார். நமக்கெல்லாம் தடுப்புக்கு அம்மை குத்தியிருக்கிறது என்று தைரியம் அவருக்கு. மற்றவர்களை யார் யோசித்தார்கள்? அம்மை போட்ட வீட்டார் எல்லை தாண்டக் கூடாது என்ற ஊர்க்கட்டு அந்த ஒரு விஷயத்தில் படித்தவரைவிடச் சரியாக இருந்தது. காரணம் தெரியாமல் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மை குத்தியதைச் சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் பெரிய சார்தான் அம்மை குத்துகிறவரைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைத்தார். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள் என்று தெருத்தெருவாகப் போய்க் கெஞ்சினார். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய் நெல் குதிருக்குள் இறக்கி, வாயில் வெல்லக்கட்டியைக் கொடுத்து, ஆள் போகும்வரை அங்கேயே வைத்திருந்தார். குத்தினால் காய்ச்சல் வருமாம், ஒத்தைப் பிள்ளை தாங்காதாம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அம்மை போட்ட பிறகு யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடைசிப் பரீட்சை, சரித்திர பூகோளம். எழுதி முடித்து லாரி ஏறினோம். எல்லோருக்கும் ஒரே கும்மாளம். அன்னவாசல் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெரிய சார் வெயிலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "நடங்க" என்றார். தமிழில்தான் சொன்னார்.

நடக்கவா செய்தோம், ஓடினோம். கும்மாளமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர், நாம் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வண்டியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார், ஏற்றிக்கொள்ளவில்லை. பெரிய சாரின் பூட்ஸ் கடித்திருக்க வேண்டும், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு மனசெல்லாம் தம்பி முகம். நான் வேகமாகப் போனால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பினேன். கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது வானத்தில் வெளிச்சம் போய்விட்டது. எல்லைக் கல்லை நாம் எட்டும்போது ஊரில் விளக்கு வைத்தாயிற்று.

கல்லுக்கு அந்தப் பக்கம் அரிக்கேன் விளக்கோடு ஆட்கள் நின்றார்கள். அப்பாவும் நின்றார். நான் எல்லைக்குள் கால் வைத்ததும் அப்பா விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"பரீட்சை எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்ப்பா."

"நல்லது. ஒந் தம்பிக்கு ஒரு கண்ணு போச்சு."

எல்லோர் முன்னாலும் சொன்னார். பெரிய சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்பலம் கையமர்த்திவிட்டார். அன்றைக்கு அந்த வார்த்தை என் மேல் விழுந்தது விழுந்ததுதான், பல வருஷம் எழுந்திருக்கவில்லை. இப்போது அப்பாவின் வயதைத் தாண்டி வந்த பிறகு தோன்றுகிறது: குதிருக்குள் பிள்ளையை இறக்கிய கை அது. அந்தப் பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்காமல் அந்த மனிதரால் அன்று வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்க முடியாது. நான் எதிரே வந்தேன், என் மேல் இறக்கிவைத்தார். பாவம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி பிழைத்தான். தேர் ஓடியது. ரிசல்ட் வந்தது, உங்களுக்குத் தெரியும், எனக்கு மேலே யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஊர் பெரிய சாருக்கு மாலை போடவில்லை. விளக்கு வைத்த பிறகு பிள்ளைகளை எல்லைக்குள் கூட்டி வந்தவர் என்று முகம் திருப்பிக்கொண்டது. அந்தக் கோடை லீவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வர வேண்டாம் என்று பள்ளிக்கூடக் கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள் என்பார்கள். அந்த வரலாற்றுப் புத்தகத்தில் அவர் படம் இருக்கிறதா என்று பாருங்கள், கிடையாது. அத்தை மகன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். எல்லை தாண்டித் தம்பி கண்ணை வாங்கியவள் வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டாள். பாஸும் ஆகியிருந்தேன், கல்யாணப் பேச்சும் போயிற்று, நான் டிரெயினிங் போனேன். டீச்சராகி நம் பள்ளிக்கூடத்துக்கே வந்தேன்.

தம்பியும் அங்கேதான் படித்தான். "ஒங்கக்கா பரீட்சைக்குக் கொடுத்த கண்ணு" என்று ஊரில் கேலியாகவும் சொல்வார்கள், நிஜமாகவும் சொல்வார்கள். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். வீட்டிலும் அதைப் பேசியதே இல்லை. அவன் பேசாததுதான் எனக்கு நெருப்பாக இருந்தது.

அவன் ஆறாம் பாரம் வந்தபோது பரீட்சை நம் ஊரிலேயே நடந்தது. முதல் நாள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் பேனாவில் மை ஊற்றிக்கொண்டிருந்தான். தலையை ஒருபக்கம் சாய்த்து, நல்ல கண்ணால் மைக்கூட்டைப் பார்த்தபடி, என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டான்:

"அக்கா, அன்னைக்கு என்ன கேள்வி கேட்டாங்க?"

"என்னைக்கு?"

"அதான், கடைசிப் பரீட்சையில. ஒரு கண்ணு குடுத்திருக்கேன்ல, என்ன கேள்வின்னாச்சும் தெரிஞ்சுக்க வேணாமா?"

யோசித்துப் பார்த்தேன். லாரி நினைவிருந்தது, டயர் வெடித்த சத்தம் நினைவிருந்தது, அப்பா தூக்கிப் பிடித்த விளக்கு நினைவிருந்தது. கேள்வி ஒன்றுகூட நினைவில் இல்லை. இல்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பருவக்காத்து எப்படி வீசுதுன்னு கேட்டாங்க" என்றேன்.

"நல்லா எழுதுனியா?"

"எழுதுனேன்."

"அப்பச் சரி" என்று பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பரீட்சைக்குக் கிளம்பினான்.